கதைக்கும் நான்கெல்லை வேண்டும்

கோவில்பட்டியில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் 19 வருடமாக டைப் அடிக்கிறேன். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம் என்று தினமும் யாருடைய நிலமோ வீடோ என் விரல் வழியாகக் கைமாறுகிறது. வேலைக்குக் கிளம்புமுன் வீட்டில் கதை எழுதுகிறேன். இதுவரை 12 சிறுகதை முடித்திருக்கிறேன், 7 அச்சில் வந்திருக்கின்றன. கதை எழுத ஆசைப்பட்டு மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனவர்கள் அவ்வப்போது வந்து கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேலை இருப்பதால்தான் எழுத முடியவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர். எழுத்தாளர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். கி.ரா. விவசாயி, முப்பது வயது தாண்டித்தான் கதை எழுத வந்தார். அழகிரிசாமி சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போகுமுன் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்தார். ஆ.மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தார். அழகிரிசாமியும் பதிவு அலுவலகக் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்தவர்தான் என்று தெரிந்த அன்று, என் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் அந்த வேலைக்கென்று சொற்கள் உண்டு, அங்கே வந்து நிற்கிற மனிதர்கள் உண்டு. வீட்டில் சும்மா இருந்து எழுதுகிறவருக்கு இரண்டும் கிடைக்காது.

கையால் தொடக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

என் முதல் கதையைப் பெண்களுக்குச் சொத்தில் பங்கு என்ற விஷயத்தை வைத்துத் தொடங்கினேன். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டத்தைத் திருத்தினார்கள், நாடு முழுக்க 2005-இல் வந்தது. ஆனாலும் அக்கா, தங்கைமார் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தை நான் வாரம் ஒன்றாவது அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆற்றாமையில் 23 பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் கட்டுரையாக இருந்தது. ஒரு அக்கா அழுகிறாள், ஒரு தம்பி தலைகுனிகிறான், நடுவில் நான் நின்று நியாயம் பேசுகிறேன். சரி என்று பரணில் போட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அதே கதை வேறு வழியாக வந்தது. விடுதலைப் பத்திரத்துக்கு வந்த ஒரு அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுத்தான். ஸ்டாம்ப் பேடில் இடது பெருவிரலை உருட்டி ஒவ்வொரு பக்கமாக வைத்து முடித்ததும், துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்கவில்லை. பெருவிரலைக் காதோரத்து முடியில் தேய்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் அப்படித்தான் செய்வார்கள், எண்ணெய்த் தலையில் மை சீக்கிரம் போய்விடும். வருடக்கணக்காகப் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு அந்த நரைமுடியில் ஊதா மை ஒரு கோடாக நின்றது. நிலம் தம்பியோடு ஒரு பஸ்ஸில் போகிறது, மை இவரோடு இன்னொரு பஸ்ஸில் போகிறது என்று தோன்றியது. அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தபோது கை நிற்கவில்லை.

விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது வராத கதை, மையைப் பிடித்ததும் வந்தது. அதனால் கதை எழுத ஒரு யோசனை வந்தால், அதற்குள் கையால் தொடக்கூடியது எது என்று முதலில் தேடுங்கள். ஒரு சாவி, ஒரு டிபன் பாக்ஸ், கழற்றி வைத்த பல் செட். அது கிடைக்கும்வரை எழுதத் தொடங்க வேண்டாம்.

இவற்றைச் சேர்க்க நான் வைத்திருக்கும் வழி தினசரி காலண்டர். காலையில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். ராத்திரிக்குள் அதன் பின்பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அன்று பார்த்த ஒன்று, அல்லது காதில் விழுந்த ஒன்று. அதைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதக் கூடாது. போன மாதத் தாள்களிலிருந்து இரண்டு: “சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் செருப்பை வாசலில் விடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.” “கல்யாணமாகிப் பத்து நாள் ஆன பையன், மனைவி பெயருக்கு இனிஷியல் என்ன என்று கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்தான்.” தாள்களைக் கடலைமிட்டாய் டப்பாவில் போட்டு வைக்கிறேன். ஒரு வருடத் தாளில் மூன்று கதைக்கான பொருள் இருந்தால் அது நல்ல வருடம்.

இங்கே கண்டிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரம் எழுத வருகிறவர்கள் எங்களை நம்பித்தான் வீட்டுச் சண்டையை வாய்விட்டுப் பேசுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கதைக்காக விற்கக் கூடாது. பெயர், ஊர், தொழில், எத்தனை பிள்ளைகள், எதையும் நான் அப்படியே எடுப்பதில்லை. அந்தக் கதையில் மை மட்டும்தான் அந்த அம்மாவுடையது. தம்பி வேறு வீட்டுத் தம்பி, கிணறு என் தாத்தா ஊர்க் கிணறு. சம்பந்தப்பட்டவர் கதையைப் படித்தால் “இது நான்தானே” என்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் இன்னும் கலக்க வேண்டியிருக்கிறது.

நான்கெல்லை

பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும்போது சர்வே எண்ணை மட்டும் போட்டு விட்டுவிட முடியாது. செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், வேண்டும். “வண்டிப்பாதைக்கு மேற்கு, ஓடைக்குக் கிழக்கு, பொதுக் கிணற்றுக்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு, இதற்குள்பட்ட புஞ்சை” என்று நான்கு பக்கமும் அடைக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் பின்னால் கோர்ட், கேஸ் என்று பிள்ளைகள் அலைவார்கள். என்னுடைய 23 பக்கம் ஏன் அப்படிச் சிதறிப்போனது என்பது இதை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் உறைத்தது. அக்கா பிறந்ததில் தொடங்கி, பள்ளிக்கூடம், கல்யாணம், அப்பா சாவு, கருமாதிச் சண்டை என்று எல்லை இல்லாமல் எழுதியிருந்தேன்.

இப்போது முதல் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு தாளில் நான்கு வரி எழுதுகிறேன்.

முதல் எல்லை நேரம். எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் முடிகிறது? அந்தக் கதைக்கு: 10.40 டோக்கன் கூப்பிடுவதிலிருந்து, விரலில் மை போகிற வரைக்கும். மற்ற முப்பது நாற்பது வருடமும் நினைவாக உள்ளே வரலாம். ஆனால் கண் முன்னால் இருக்கிற ஏதாவது ஒன்று அதை இழுத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது இடம். பதிவு அலுவலக வராந்தா, எங்கள் அலுவலக பெஞ்ச், எதிரே டீக்கடை, அவ்வளவுதான். சண்டைக்குக் காரணமான கிணற்றை வாசகர் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சில் கேட்டால் போதும்.

மூன்றாவது எல்லை, யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது. இதில்தான் பெரும்பாலான கதைகள் ஒழுகுகின்றன. முதலில் எல்லார் மனசுக்குள்ளும் புகுந்து புகுந்து வந்தேன். அப்புறம் அக்காவின் கண்ணில் வைத்தேன், பக்கத்துக்குப் பக்கம் கண்ணீரானது. தம்பியின் கண்ணில் வைத்தபோது அவன் தன் பக்க நியாயத்தை மட்டும் சொல்லிக்கொண்டே போனான். கடைசியில் டைப் அடிக்கும் பெண்ணின் கண்ணுக்கு மாற்றினேன். அவளால் யார் மனசுக்குள்ளும் போக முடியாது. கையை, செருப்பை, முடியை, யார் யாருக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள் என்பதைத்தான் பார்க்க முடியும். உள்ளே போக முடியாது என்று ஆனதும் வெளியே இருப்பதை உற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று, கதை அங்கே உயிர் பிடித்தது. உங்கள் கதையை எடுத்து, பார்க்கிற ஆளுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். என் முதல் பிரதியில் 41 கோடு விழுந்தது.

நான்காவது, சொல்லாமல் விடப்போவது. கதை முழுக்க எதைச் சுற்றி நடக்கிறதோ அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று முடிவு செய்கிறேன். அந்தக் கதையில் அது, அக்கா மனசார எழுதிக் கொடுத்தாளா என்பது. பத்திரத்தில் “யாருடைய தூண்டுதலும் இன்றி என் முழுமனச் சம்மதத்துடன்” என்று ஒரு வரி வரும். என் கையால் எத்தனையோ ஆயிரம் தடவை அடித்த வரி. கதையில் பத்திர எழுத்தர் அண்ணாச்சி பத்திரத்தை வாசித்துக் காட்டும்போது அந்த வரி அப்படியே வருகிறது. அக்கா அப்போது மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

எல்லை போட்டபிறகு 23 பக்கம் 7 பக்கமானது.

பசிக்கலையா என்று கேட்கிற ஒருவர்

என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். பின்னால் முட்டி வலி வந்து வீட்டோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். வாசிக்கத் தெரியாது. நான் கதையை உரக்க வாசிப்பேன், அவள் ஒட்டிக்கொண்டே கேட்பாள். அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கை ஒரே வேகத்தில் போனால் கதை ஏதோ போய்க்கொண்டிருக்கிறது. வேகம் கூடினால் அலுத்துவிட்டது, வேலையையாவது முடிப்போம் என்று அர்த்தம். பசை தொட்ட விரல் அப்படியே நின்றால் அந்த இடத்தில் நான் கை வைக்கக் கூடாது.

அந்த 7 பக்கத்தையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்று. “ரெண்டு மணி ஆச்சுன்னு எழுதியிருக்க. காலைல கெளம்பி வந்தவளுக்குப் பசிக்கவே இல்லையா?”

எனக்குச் சுருக்கென்றது. சம்மதம், உரிமை, மௌனம் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், அந்தப் பெண்ணுக்கு ஒரு வயிறு இருப்பதை யோசிக்கவில்லை. அப்போது கதையின் கடைசி வரிகள் இப்படி இருந்தன:

“மாரியம்மாள் பெருவிரலைத் தலைமுடியில் துடைத்தாள். இனி அந்த மண்ணில் தனக்கு எதுவுமில்லை என்ற வேதனை அவள் நெஞ்சை அடைத்தது. தம்பியின் மேல் பாசமும் கோபமும் மாறி மாறி வந்தன.”

அம்மா கேட்டபிறகு இப்படி ஆனது:

“மாரியம்மாள் பெருவிரலைத் தலைமுடியில் துடைத்தாள். ‘ஏலே, சாப்ட்டியா?’ என்றாள்.”

முதல் பிரதியில் டைப்பிஸ்டுக்குத் தெரிய முடியாத நெஞ்சடைப்பு இருந்தது, மூன்றாவது எல்லையைத் தாண்டியிருந்தது. அது எனக்குக் கண்ணில் படவில்லை. எழுதவே தெரியாத அம்மாவுக்குப் பட்டது. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். இலக்கியம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை, மனிதர்களுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், பஸ் போய்விடும் என்று தெரிந்தவராக இருந்தால் போதும். “நல்லா இருக்கா?” என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். பிரியத்தில் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவார். எங்கே அலுத்தது, எங்கே புரியவில்லை என்று கேளுங்கள். மறுநாள் சாயங்காலம், எது ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள்.

உரக்க வாசிப்பதால் பேச்சுப் பகுதியும் சரியாகும். நம் ஆட்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. “எப்ப வந்தீங்க?” என்றால் “பஸ்ஸு ஒரே கூட்டம்” என்பார்கள். அந்த நழுவலில்தான் ஆளின் குணம் இருக்கிறது. வட்டார வழக்கை எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டாம், வாசகர் திணறுவார். ஒரு பேச்சில் ஒரு “சோலி”, ஒரு “பைய” போதும், கரிசல் காட்டுக் குரல் வந்துவிடும்.

காலை 5.10

நான் எழுதும் நேரம் காலை 5.10 முதல் 5.50 வரை. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் எழுத்து கிடையாது, அதற்காக வருத்தப்படுவதும் கிடையாது. பக்கக் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஒரு பத்தி எழுதினால் அன்றைய கடன் தீர்ந்தது. அண்ணாச்சி கணக்கெழுதிப் பாதியில் விட்ட பழைய பேரேட்டில் கையால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் விரல் பழக்கத்தில் “மேற்படி” என்று அடித்துவிடும். பத்திர மொழி சந்தேகத்துக்கு இடமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்க்கும், கதைக்குக் கொஞ்சம் சந்தேகம் வேண்டும். அதனால் இரண்டுக்கும் கருவியையே பிரித்துவிட்டேன்.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்த வேண்டும் என்று எர்னஸ்ட் ஹெமிங்வே சொன்னார். நான் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுகிறேன். “அவன் கதவைத் திறந்தபோது உள்ளே” என்று விட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனால், அன்று முழுக்க அந்த அறை என் கூடவே வரும். மறுநாள் வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை, வாக்கியத்தை முடித்தாலே கை ஓடத் தொடங்கிவிடும்.

ஆனாலும் நின்றுபோகும். நின்றுபோவதெல்லாம் ஒன்றில்லை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று. உடம்பு அலுத்து நிற்கிறதென்றால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகும். ஒரு கதை மட்டும் நகரவில்லை, வேறொன்றை எழுத முடிகிறது என்றால் தவறு கதையில் இருக்கிறது. எல்லைத் தாளை எடுத்துப் பாருங்கள். எனக்குப் பாதிக்கு மேல் மூன்றாவது எல்லைதான் தவறாக இருக்கும், கண்ணை மாற்றினால் நகரும்.

மூன்றாவது வகைக்கு அவசரம் ஆகாது. 2021-இல் அம்மா போய்விட்டாள். 14 மாதம் ஒரு வரி எழுதவில்லை. 5.10-க்கு விழிப்பு மட்டும் வந்துவிடும். எழுதினால் யாருக்கு வாசிப்பது என்றிருந்தது. அப்போது, எனக்குப் பிடித்த கு.அழகிரிசாமியின் ஒரு கதையைப் பேரேட்டில் பார்த்து எழுதத் தொடங்கினேன். காலைக்கு ஒரு பத்தி. என் சொல் ஒன்றும் இல்லை, அவருடையதைப் பிரதி எடுத்தேன், அவ்வளவுதான். வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு போன வாக்கியமெல்லாம் எழுதும்போது நின்று பேசியது. ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்காருவதை எத்தனை சொல்லில் முடிக்கிறார், ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் எங்கே மூச்சு விடுகிறார் என்பதெல்லாம் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. கதை முழுக்க எழுதி முடித்ததற்கு மறுநாள், பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன், பார்த்து எழுத ஒன்றுமில்லை. மைதாப் பசை வாடையைப் பற்றி நான்கு வரி எழுதினேன். நீங்களும் அப்படி ஒரு துக்கத்தில் இருந்தால் எழுது எழுது என்று உங்களைப் படுத்தாதீர்கள். உட்காரும் நேரத்தை மட்டும் விடாதீர்கள், அந்த நேரத்தில் பிடித்த ஒருவரைப் பார்த்து எழுதுங்கள்.

இப்போது கதையை மதினிக்கு வாசிக்கிறேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறாள். கை நிற்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது.

அனுப்புவது

எந்த இதழுக்கு அனுப்பினாலும் அதில் மூன்று இதழாவது வாங்கிப் படித்துவிட்டு அனுப்புங்கள். யூனிகோடு எழுத்துருவில் அடித்து, அவர்கள் கேட்கும் முறையில் அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். எழுத்துப்பிழை பார்த்த பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

நான் செய்த பெரிய தவறு காத்திருந்தது. மூன்றாவது கதையை ஒரு வார இதழுக்கு அனுப்பிவிட்டு ஒன்றரை வருடம் பதிலுக்காக உட்கார்ந்திருந்தேன். பதில் வரவேயில்லை. அதைவிட மோசம், அந்த ஒன்றரை வருடமும் அடுத்த கதையைத் தொடங்கவில்லை. அப்புறம்தான் ஒரு பதிவேடு போட்டேன். கதை எண், பெயர், அனுப்பிய இதழ், தேதி, பதில் என்று ஐந்து கட்டம். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டு வேறிடத்துக்கு அனுப்புகிறேன். அனுப்புகிற அன்றைக்கே, அதே பக்கத்தில் அடுத்த எண்ணைப் போட்டு, அடுத்த கதையின் ஒரு எல்லையாவது எழுதிவிட வேண்டும் என்பது விதி. தபாலைப் பார்த்துக்கொண்டிருந்த மனசு அதன்பிறகு புதுக் கதைக்குப் போய்விடுகிறது.

12-ஆம் கதை போன வாரம் போயிற்று. 13-க்கு நேராக இப்போது மூன்று வரி இருக்கிறது. நேரம்: தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதியதிலிருந்து சம்பளம் எண்ணி முடிக்கிற வரை. இடம்: கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்தடி. கண்: பெட்டி எண்ணி வாங்குகிற கணக்குப்பிள்ளை. நான்காவது எல்லை இன்னும் போடவில்லை. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள்.